மேல் போல்ட்

இருபத்திரண்டு வருஷம் பிஷ்கெக் தெருக்களில் டிராலி பஸ் ஓட்டினேன். இப்போது ஆறு வருஷமாகக் கார் நிறுத்துகிற இந்த இரும்பு ஷெட்டுகளுக்குக் காவல். எண்பத்தேழு ஷெட்டு, ஒரு கேட்டு, ஒரு நாய், நான். பேர் கான்ஷாயிம். வாய் நீளம் என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள், பொய்யில்லை. அந்த வாயை ஒரே ஒரு நாள் மூடி வைத்தேன். அது ஷெர்காசியின் விஷயத்தில்.

ஷெர்காசிக்கு நாற்பத்தாறு வயது. ஊருக்கெல்லாம் வெந்நீர் அனுப்பும் அனல் நிலையத்தில் பாய்லர் பார்க்கிற ஆள். மனைவி மாஸ்கோவில் துப்புரவு வேலை செய்கிறாள், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவாள். பீப்பாய் உடம்பு, ரொட்டி சுடுகிற தட்டு அகலத்துக்குக் கை. கோபமே வராது. ஆனால் பிடித்த பிடியை விடமாட்டான், அது ஒன்றுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காதது.

சொந்த ஊர் மலைக்கு அப்பால், அட்பாஷிப் பக்கம். இவனுக்கு நாலு வயதில் அப்பா போய்விட்டார். பதினைந்து வயது மூத்த அண்ணன் எசென்குல்தான் இவனைத் தோளில் போட்டு வளர்த்தார். இவனை நகரத்துத் தொழிற்பள்ளியில் சேர்ப்பதற்காகத் தன் கல்யாணத்துக்கு வைத்திருந்த குதிரையை விற்றார். கல்யாணம் மூன்று வருஷம் தள்ளிப்போனது. "எங்கண்ணன் நடந்தே மாமியார் வீட்டுக்குப் போன ஆளு" என்று இவன் பெருமையாகச் சொல்வான். சொல்லும்போதே குரல் குழைந்துவிடும்.

இரண்டு கோடைக்கு முன்னால் ஒரு பழைய கார் வாங்கினான். ஜப்பானிலிருந்து வந்தது, வலப்பக்கம் ஸ்டீயரிங், கியர் தானாகவே மாறும். முதல் சவாரி அண்ணனோடு ஏரிக்கரைக்கு என்றான். அந்தக் கோடையில் நேரம் இல்லை. அடுத்த கோடையில் பாய்லர்களைப் பிரித்துப் போட்டிருந்தார்கள், லீவு இல்லை. இலையுதிர் காலத்தில் அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்தது. என் கேட்டருகில் நின்றுதான் போனில் சொன்னான், "பனி கரையட்டும் அண்ணே, நானே வந்து கூட்டிட்டு வந்து பெரிய டாக்டர்கிட்ட காட்டறேன்." அந்தப் பக்கத்திலிருந்து அவர் சிரித்தது எனக்கே கேட்டது.

பனி கரைகிற வரை அந்த நெஞ்சு வலி எங்கே காத்திருந்தது? ஜனவரி மாதம், ஒரு சனிக்கிழமை, காலை எட்டு மணிக்கு ஓடி வந்தான். ஊரிலிருந்து ஏழு மணிக்குப் போன் வந்ததாம். அண்ணனுக்கு ரொம்ப முடியவில்லை, உடனே வா என்றார்களாம். வந்து சாவியைத் திருப்பினால் வண்டி 'டக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுச் செத்தது. எஞ்சினைக் கிளப்புகிற ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது. அது போகப்போகிறது என்று தெரிந்து ஒரு பழைய மோட்டாரை வாங்கிச் சுவரில் மாட்டி வைத்திருந்தான், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று. தானாகக் கியர் மாறுகிற வண்டியைத் தள்ளியும் கிளப்ப முடியாது.

"டாக்ஸியில போயேண்டா," என்றேன். "பழைய பஸ் ஸ்டாண்டுலேருந்து பதினோரு மணிக்கு உங்க ஊர்ப் பக்கம் ஷேர் டாக்ஸி ஒண்ணு கிளம்புது."

"நான் போயிடுவேன் அக்கா. அவரை எதுல கூட்டிட்டு வர்றது? நெஞ்சு வலிக்காரரை அஞ்சு பேருக்கு நடுவுல இடுக்கி உட்கார வைக்கவா?"

பின் சீட்டை மடக்கிப் போட்டு, அதன்மேல் மெத்தை விரித்து, இரண்டு ரஜாயும் தலையணையும் வைத்திருந்தான். படுக்க வைத்தே கொண்டு வந்துவிடுவேன் என்றான். அதற்குமேல் நான் என்ன சொல்ல?

அவன் ஷெட்டைப் பார்த்தால்தான் அன்றைய பாடு புரியும். கார் உள்ளே போனால் இரண்டு பக்கமும் உடம்பை ஒருக்களித்துப் போகத்தான் இடம். அவன் உடம்புக்குக் கதவு திறக்காது. வண்டியை நிறுத்திவிட்டுப் பின்பக்கக் கதவு வழியாகத்தான் தவழ்ந்து வெளியே வருவான். வெளியே இழுத்துப் போட்டு வேலை பார்க்கலாம் என்றால், தரை உள்பக்கம் சரிவு, வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பனி இறுகிக் கிடந்தது. பக்கத்து ஷெட்டுக்காரர்கள் நாலு பேர் தள்ளியும் அசையவில்லை, அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த இரும்புப் பெட்டிக்குள் போன் சிக்னலும் கிடையாது. அதனால் அவனைத் தேடுகிறவர்கள் என் போனுக்குத்தான் கூப்பிடுவார்கள்.

ஜாக்கி போட்டுத் தூக்கி, அட்டையை விரித்து, அடியில் புகுந்தான். பாதி உடம்பு போனதும் தொப்பை மாட்டிக்கொண்டது.

"மூச்சை வெளிய விடுடா," என்றேன்.

"விட்டாச்சு அக்கா. இனிமே விட்டா உயிர்தான் போகும்."

"உன்னை வெளிய எடுக்கணும்னா வண்டியை ரெண்டா வெட்டணும் போல."

"வண்டியை வேணாம். என்னை வெட்டிக்குங்க. வண்டி அண்ணனுக்கு."

பத்து மணிக்கு என் போன் அடித்தது. அவர்கள் ஊர்ப் பெரியவர் கெங்கெஷ். நான் கேட்டு வரைக்கும் நடந்துபோய்ப் பேசினேன்.

"மகளே, எசென்குல் விடியறதுக்கு முன்னாடியே போயிட்டான். காலையில தம்பிகிட்ட நாங்க சொன்னது பாதிதான். நீ சொல்லிடாதே. மலைப்பாதையில வண்டி ஓட்டி வர்றவன். இங்க வந்தப்புறம் நாங்க உட்கார வச்சு சொல்லிக்கறோம். நாளைக்கு மதியத் தொழுகை முடிஞ்சதும் எடுக்கறோம். அதுக்குள்ள வந்து முகத்தைப் பார்த்துடட்டும். எப்படியாவது சீக்கிரம் அனுப்பு."

எங்களில் சாவுச் செய்தியை ஒரு வாய் நின்றபடி சொல்லாது. பெரியவர்கள் மூன்று நான்கு பேர் போய், ஆளை நடுவில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டுதான் சொல்வார்கள். அதுவரை உடம்பு சரியில்லை, அவ்வளவுதான். என் புருஷன் போனபோது எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அது சரியான வழக்கம் என்றுதான் அன்று வரை நினைத்திருந்தேன்.

திரும்பிப் போனேன். அவன் அடியிலிருந்து எழுந்து பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தான்.

"மோட்டாரைப் பிடிச்சிருக்கற கீழ் போல்ட் வந்துடுச்சு அக்கா. மேல் போல்ட்தான் சனியன். கண்ணுக்கே தெரியல. எஞ்சினுக்கும் காற்றுக்குழாய்க்கும் நடுவுல இருக்கு, என் கை போகல. உங்க கை சின்னது. ஒரு தடவை விட்டுப் பாருங்களேன்."

கோட்டைக் கழற்றிவிட்டு, பதினாலு நம்பர் ஸ்பேனரோடு கையை விட்டேன். முழங்கை வரை போயிற்று. இரும்பு நெருப்பாகச் சுட்டது, அவ்வளவு குளிர். விரல்நுனியால் தடவித் தடவிப் போல்ட்டைக் கண்டுபிடித்தேன். ஸ்பேனரை மாட்டி, பல்லைக் கடித்து ஒரு இழுப்பு. கால் சுற்று திரும்பியது. போல்ட்டின் இறுக்கம் விட்டுவிட்டது. இனி விரலாலேயே கழற்றலாம்.

அப்போதுதான் நான் அதிபுத்திசாலியானேன். மணி பத்து இருபது. பஸ் ஸ்டாண்டு அரை மணி தூரம். போல்ட் வராது என்று சொன்னால் இவன் வண்டியை விட்டுவிட்டு டாக்ஸிக்கு ஓடுவான். யாரோ ஓட்டுவார்கள், இவன் பத்திரமாகப் போய் அண்ணன் முகத்தைப் பார்ப்பான். மெத்தை எதற்கு, படுக்க வைக்க யார் இருக்கிறார்கள்? இத்தனையும் கை உள்ளே இருக்கும்போதே ஓடி முடிந்தது.

"வரலடா," என்றேன். "துருப்பிடிச்சு இறுகிக் கெடக்கு. இது இன்னிக்கு நடக்காது. டாக்ஸியில போ, பின்னாடி பார்த்துக்கலாம்."

திரும்பி மெத்தையைப் பார்த்தான்.

"சுத்தி இருக்கறதை எல்லாம் கழட்டிடறேன். வழி கிடைச்சா என் கை போகும். என் கைக்கு வராத போல்ட் கிடையாது அக்கா."

பேட்டரியைத் தூக்கினான். அது உட்கார்ந்த தட்டைக் கழற்றினான். அதன் நாலு திருகில் இரண்டு நிஜமாகவே துருப்பிடித்திருந்தன. அவற்றை அறுத்தான். மணி பதினொன்று தாண்டியது. டாக்ஸி போயிருக்கும்.

"நகரு, நான் இன்னொரு தடவை பார்க்கறேன்," என்றேன்.

"வேணாம் அக்கா. உங்க விரலைப் பாருங்க, நீலம் பாரிச்சிருக்கு. போய் அடுப்புகிட்ட உட்காருங்க."

அடம்பிடித்திருக்கலாம். போல்ட் ஏற்கெனவே திரும்பிவிட்டது, நான் பொய் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்பானே. அதற்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது, அந்தப் பதிலைச் சொல்லத்தான் எனக்கு வாய் இல்லை. போய் அடுப்பருகில் உட்கார்ந்தேன். டீ போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். அவன் குடிக்கவில்லை.

காற்றுக்குழாயை எடுக்க மதியம் ஆகிவிட்டது, அதற்குப் பின்னாலும் கழற்ற நிறைய இருந்தது. விரல் முட்டியெல்லாம் உரிந்து ரத்தம். கையைத் துடைத்துக்கொண்டு, அண்ணன் எப்படி இருக்கிறார், போன் ஏதாவது வந்ததா என்று இரண்டு தடவை கேட்டான். இரண்டு தடவையும் அப்படியேதான் இருக்கிறாராம் என்றேன். அந்த வார்த்தையைச் சொன்ன நாக்கை அறுத்துப் போட வேண்டும்.

மூன்று மணிக்கு ஷெட்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஓடினேன்.

"அக்கா, உங்க பலம் உங்களுக்கே தெரியல. நீங்க காலையிலேயே கழட்டியிருக்கீங்க. ஸ்பேனரே வேணாம், விரல்லயே வருது."

கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

நாலு மணிக்கு வண்டி கிளம்பியது. அவனே கோடரியால் வாசல் பனியை வெட்டிச் சாம்பல் தூவினான். வண்டி கர்ஜித்து ஏறி வெளியே வந்தது. ஜன்னலை இறக்கி என் கையைப் பிடித்து, "நாளன்னைக்கு அண்ணனோட வர்றேன். சூப் வச்சு வைங்க. அவருக்குக் கொழுப்பு அதிகமா இருக்கணும்," என்றான்.

"போயிட்டு வா," என்றேன். வேறென்ன சொல்ல.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு, அவன் ஊருக்குப் போகிற டோலோன் மலைப்பாதையைப் புயலுக்காக அடைத்தார்கள். அவன் அதற்குப் பின்னால்தான் அங்கே போய்ச் சேர்ந்தான். அடிவாரத்தில் லாரிகளோடு வரிசையில் நின்று, அண்ணனுக்கு விரித்த மெத்தையில் இவன் படுத்தான். மறுநாள் காலை பதினோரு மணிக்குத்தான் பாதையைத் திறந்தார்கள். ஊரில் மதியத் தொழுகைக்குப் பிறகும் ஒரு மணி நேரம் காத்திருந்தார்களாம். மூன்று கிராமத்துச் சனம் பனியில் நின்றது. மலையில் போன் சிக்னல் இல்லை, பாதை திறந்ததே அவர்களுக்குத் தெரியாது. முல்லா இனி முடியாது என்றார், தூக்கிவிட்டார்கள்.

ஏழாம் நாள் முடிந்து திரும்பி வந்தான். கேட்டருகில் வண்டியை நிறுத்தி இறங்கி, என் அறைக்குள் வந்து உட்கார்ந்தான். பாதி ஆளாக இருந்தான். நான் கேட்காமலே சொன்னான்.

"ஊர் வளைவுல திரும்பினப்போ முற்றத்துல வெள்ளைக் கூடாரம் தெரிஞ்சுது. குளிர்காலத்துல சாவுக்கு இல்லாம எதுக்குக் கூடாரம் அடிப்பாங்க? அப்பவே தெரிஞ்சுபோச்சு. ஆம்பளைங்கல்லாம் கல்லறையிலேருந்து இறங்கி வந்துட்டிருந்தாங்க. வாசல்லேருந்தே சத்தம் போட்டு அழுதுட்டுப் போகணும்ல நாம? எனக்கு வாயே திறக்கல. அழு தம்பி, அழுன்னு கெங்கெஷ் தாத்தா முதுகுல அடிச்சாரு. வரல."

"ஷெர்காசி," என்றேன்.

"உங்களுக்கு எத்தனை மணிக்கு போன் பண்ணினாங்க?"

"பத்து."

"போல்ட்ல கை வைக்கறதுக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான்."

தலையை ஆட்டினான். மதியம் கிளம்பியிருந்தால் இருட்டுவதற்குள் மலையைத் தாண்டியிருப்பான். அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். ஏழு நாளாக அதைத்தானே போட்டுக்கொண்டிருந்தேன்.

"நீங்க சொல்லலைன்னு எனக்கு வருத்தமில்ல அக்கா. நானா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். வழக்கம் அது," என்றான். எழுந்து கதவு வரை போனான். திரும்பாமலே சொன்னான், "அந்த போல்ட்டைக் கழட்டிக் கொடுத்திருக்கலாம்."