அஞ்சு நிமிஷம் அண்ணனின் சோதனை ஓட்டம்

தெருவைக் கடப்பதற்கு முன் இடது மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்க்கிறார். கடந்து முடித்ததும் மறுபடி பார்க்கிறார். "பதினாலு செகண்ட்" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்கிறார். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் அதனால் பயனும் இல்லை. ஆனாலும் ஒரு தெருவைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாமல் அந்தத் தெருவில் நடப்பது அவருக்குச் சட்டைப் பொத்தானைப் போடாமல் வெளியே வந்தது மாதிரி.

பேருந்துப் பணிமனையில் அவர் டைம் கீப்பர். வாசலை ஒட்டிய கண்ணாடிக் கூண்டு, ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு விசில், அடுக்கி வைத்த ட்ரிப் ஷீட்டுகள். எந்த வண்டி எப்போது கிளம்பியது, எப்போது திரும்பியது, ஏன் தாமதம் என்பதெல்லாம் அவர் பேனா வழியாகத்தான் போக வேண்டும். ஓட்டுநர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'அஞ்சு நிமிஷம்'. "அண்ணே, இந்த ட்ரிப்பு போய் வர எவ்ளோ ஆகும்?" என்று கேட்டால், "அம்பது நிமிஷம். ஒரு அஞ்சு நிமிஷம் சேத்து வச்சுக்க" என்பார். கைப்பையோடு ஓடி வருகிற யாரோ ஒரு அம்மாவுக்காக அந்த ஐந்து நிமிஷம். அதைக் கழித்துக் காட்டச் சொல்லி எத்தனையோ மேலதிகாரிகள் வந்து போனார்கள். அவர்கள்தான் போனார்கள், ஐந்து நிமிஷம் போகவில்லை.

புது வழித்தடம் போடும்போது அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சோதனை ஓட்டத்துக்குப் பணிமனையிலேயே மெதுவாக ஏறும் வண்டியைத்தான் கேட்பார். "புது வண்டிய ஓட்டி டைம் போட்டா, பழைய வண்டி காலம் பூரா லேட்டுனு பேர் வாங்கும். தப்பு வண்டியோடது இல்ல, டைம் போட்டவனோடது" என்பது அவர் வாதம்.

அவர் மனைவி மருத்துவமனையில் ரத்தம் எடுப்பவர். "கைய மூடிக்குங்க... மூச்ச விடுங்க... அவ்ளோதான், முடிஞ்சது." ஊசி உள்ளே போய் வெளியே வருவதற்குள் எதிரில் இருப்பவரின் பிள்ளை என்ன படிக்கிறது, மருமகள் எப்படி என்பதெல்லாம் வாங்கிவிடுவாள். ஒரு நாளைக்கு எண்பது பேரிடம் இப்படிப் பேசிய வாய்க்கு வீடு வரும்போது ஓய்வு தேவைப்படும். நாள் முழுக்க இஞ்சின் சத்தம் கேட்ட இவர் காதுக்கும் அப்படியே. விடிவதற்கு முன் இவர் கிளம்பிவிடுவார், இருட்டுகிற நேரத்துக்கு அவள் வருவாள், இவர் சீக்கிரமே படுத்துவிடுவார். இருபத்தாறு வருஷக் குடித்தனம் பெரும்பாலும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டுகளில்தான் நடந்தது. 'சாப்பாடு மேல் தட்டில்.' 'குழாய்க்காரர் நாளை வருவார்.' 'பாப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, பயப்பட வேண்டாம்.'

அந்தப் பாப்பா வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. அதன் பிறகு சீட்டுகள் குட்டையாகிக்கொண்டே வந்தன. ஒருநாள் காலை ஃப்ரிட்ஜ் கதவில் 'பால்' என்று ஒரே ஒரு சொல் இருந்தது. பால் வாங்க வேண்டுமா, வாங்கியாயிற்றா, கெட்டுப்போய்விட்டதா என்றுகூட இல்லை. சீருடையோடு அதன் முன்னால் அவர் இரண்டு நிமிஷம் நின்றார். நேரம் அவர் சொன்னதுதான்.

அன்றைக்குத்தான் பீரோக் கதவின் உள்பக்கம் இருந்த படத்தை உற்றுப் பார்த்தார். கல்யாணமான முதல் வருஷம் அவள் காலண்டரிலிருந்து வெட்டி ஒட்டியது. கடலோரத்துப் பழைய நகரம் ஒன்று: நீளமான கடற்சுவர், ஒரு கோட்டை, வரிசையாகப் பீரங்கிகள், கோடியில் ஒரு கலங்கரை விளக்கம். மூன்று மணி நேரப் பயணம். எத்தனையோ பேரை அந்த ஊருக்கு வண்டி ஏற்றி அனுப்பியிருக்கிறார். தினமும் சட்டை எடுக்கும்போது கண்ணில் படுகிற படம், இருபத்தாறு வருஷமாகக் கருத்தில் படவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மெல்ல ஆரம்பித்தார். "ரெண்டு நாள் அங்க போயிட்டு வரலாமா? நாம ரெண்டு பேர் மட்டும்."

அவள் போர்வையின் ஒரு முனையை இவர் கையில் கொடுத்தாள். "போலாம். ஆனா ரெண்டு நாள் முழுசா ரெண்டு பேரும் என்னத்தங்க பேசுறது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இவருக்கு அது எங்கேயோ போய்த் தைத்துவிட்டது. அவள் சொன்னது நிஜமாகவே இருந்துவிட்டால்? பேச ஒன்றுமில்லாத இரண்டு பேர் கடல் முன்னால் உட்கார்ந்து கண்கூடாக அதைத் தெரிந்துகொண்டு திரும்பி வந்துவிட்டால்? வீட்டிலாவது ஷிஃப்டைக் காரணம் காட்டலாம். ஆழம் தெரியாமல் காலை விடுகிற ஆள் அவர் இல்லை. உடனே ட்ரிப் ஷீட் ஒன்றைத் திருப்பிப்போட்டுக் கோடு கிழித்தார்.

வாராந்திர விடுமுறையான புதன்கிழமை, கூடுதல் டூட்டி என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தனியாக அந்த ஊருக்குப் போனார். விடுதியிலிருந்து கடற்சுவருக்கு ஒன்பது நிமிஷம். கடற்சுவரிலிருந்து அருங்காட்சியகத்துக்குப் பன்னிரண்டு. கலங்கரை விளக்கத்தில் நூற்று நாற்பத்தெட்டுப் படி. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு திரும்பும் பேருந்தில் பாதி வழி வந்த பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டார். சோதனை ஓட்டம் விட்டது யாரை வைத்து? ஒரு நாளைக்கு நாலு தடவை பணிமனையைச் சுற்றுகிற தன் காலை வைத்து. அவளுக்கு வலது முட்டி தேய்ந்து ஐந்து வருஷம் ஆகிறது. ஊருக்கெல்லாம் சொன்ன பாடத்தைத் தானே கோட்டைவிட்டிருந்தார். (மனைவியைப் பழைய வண்டி என்று அவர் சொல்லவில்லை. மனசுக்குள்கூடச் சொல்லவில்லை. அந்த அளவுக்கு விவரம் உண்டு.)

சரி, அவள் எப்படி நடப்பாள் என்று யோசித்தார். தெரியவில்லை. எங்கே போனாலும் பத்தடி முன்னால் போய் நின்று காத்திருப்பதுதான் அவர் வழக்கம். அதைத்தான் அவர் அக்கறை என்று நினைத்திருந்தார். முன்னால் போகிறவனுக்குப் பின்னால் வருகிறவளின் நடை எப்படித் தெரியும்?

அடுத்து வந்த ஒரு விடுப்பு நாளில், அவள் வேலைக்குக் கிளம்பியதும் ஜன்னலில் நின்று பார்த்தார். இடது காலில் பாரத்தைப் போட்டு, வலதை மெல்லக் கொண்டுவந்து வைத்தாள். நாலு அடிக்கு ஒரு சின்ன நிதானம். வாசல்படி இறங்கும்போது வலது கால் முதலில், நடைபாதை ஏறும்போது இடது. திருப்பம் வந்தால் வலது கை தானாகச் சுவரைத் தேடிப் போய் இரண்டு விரலை ஊன்றிக்கொண்டது. தெருமுனை போய்ச் சேர அவளுக்கு ஆறு நிமிஷம் ஆனது. தனக்கு அது இரண்டரை.

அதற்குப் பிறகு வந்த மூன்று புதன்கிழமைகளும் அந்தக் கடலோர நகரத்தின் கல் பாவிய சந்துகளில் அவள் நடையைத்தான் நடந்தார். இடது, மெல்ல வலது, நிதானம், சுவரில் இரண்டு விரல். ஒன்பது நிமிஷம் இருபத்திரண்டாக மாறியது. கலங்கரை விளக்கத்தைச் சிவப்பு மையால் அடித்து நீக்கினார். விடுதிக்காரர் மாடி அறையில் கடல் தெரியும் என்று ஆசை காட்ட, "எத்தன படி?" என்று கேட்டுவிட்டுத் தோட்டத்தை ஒட்டிய தரைத்தள அறையைப் பிடித்தார். கடற்சுவரின் ஒன்பது பெஞ்சுகளிலும் உட்கார்ந்து பார்த்து, சாய்மானமும் நாலு மணி நிழலும் உள்ள ஐந்தாவதைக் குறித்துக்கொண்டார். சந்து முனையில் இருந்த டீக்கடையின் நாற்காலிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். வீட்டுக்கு வந்தால் முகம் வெயிலில் கன்றிப் போயிருக்கும். "என்னங்க, டிப்போ கூரையைப் பிரிச்சுட்டாங்களா?" என்பாள் மனைவி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பாவனையில் குனிந்து சாப்பிடுவார்.

ஆறு தடவை திருத்தி எழுதிய அந்தத் தாளில் கடைசியாக ஒரு கட்டம் இருந்தது. தலைப்பு: பேச்சு. 'பாப்பா, இருபது நிமிடம். மேல்வீட்டுக்காரர் தண்ணீர்ச் சண்டை, பத்து. கோட்டையைக் கட்டியது யார், பதினைந்து.' எங்கெல்லாம் மௌனம் விழலாம் என்று தோன்றியதோ அங்கெல்லாம் ஒன்றைச் செருகியிருந்தார். வழக்கம்போல ஐந்து ஐந்து நிமிஷம் சேர்த்திருந்தார்.

இருவரும் கிளம்பிய சனிக்கிழமை, பேருந்தில் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே அட்டவணை ஆட்டம் காண ஆரம்பித்தது. 'பாப்பா' நாலே நிமிஷத்தில் தீர்ந்துவிட்டாள். மனைவி தினமும் மகளோடு பேசுகிறவள், இவர் சொன்னதெல்லாம் அவளுக்குப் பழைய செய்தி. தண்ணீர்ச் சண்டையில் சம்பந்தப்பட்டதே அவள்தான். கோட்டையைக் கட்டியவரைப் பற்றி ஆரம்பித்தபோது ஜன்னலில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

விடுதியில் பையை வைத்துவிட்டுக் கடற்சுவரை நோக்கி நடந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் முன்னால் போகாமல் பக்கத்திலேயே நடந்தார். அது அவளுக்குப் பிடித்திருந்தது. கல்சந்தில் பாதி ஏறியிருப்பார்கள். அவள் சட்டென்று நின்றாள்.

"என்னங்க, நக்கலா?"

"என்னது?"

"என்ன மாதிரியே நடந்து காட்டுறீங்களே. இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்தது இதுக்குத்தானா?"

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். மூன்று வாரப் பழக்கம், அந்தச் சந்தில் கால் வைத்ததும் தானாக வந்திருந்தது. "ஐயோ, இல்லம்மா, சத்தியமா இல்ல" என்று நேராக நடக்கப் பார்த்தார். அது இன்னும் கோணலாகப் போனது. எப்படிச் சொல்வது? சொன்னால் கூடுதல் டூட்டிப் பொய் முதலில் வெளியே வரும். அவர் விழித்துக்கொண்டு நின்றார். அவள் மீதித் தூரத்தைத் தனியாக ஏறிப் போய் முனையில் இருந்த டீக்கடையில் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். இவர் எதிரில் உட்கார்ந்தார். தாளில் எந்தக் கட்டத்திலும் இல்லாத மௌனம் அது. எதற்குப் பயந்து இத்தனை புதன்கிழமை அலைந்தாரோ அது அவர் கையாலேயே வந்து சேர்ந்திருந்தது. அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தார். பதினோரு நிமிஷம் போயிற்று.

டீக்கடை அம்மா இரண்டு கிளாஸைக் கொண்டுவந்து வைத்தாள். இவரைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"அண்ணே, முட்டி இன்னும் சரியாகலையா? அட, இவங்கதான் அந்த அக்காவா? வாங்கக்கா. புதன்கிழமையானா தனியா வந்து, இந்தக் காலோட இந்தச் சந்த நாலு தடவ ஏறி எறங்குவாரு. வேண்டாம்ணே, உக்காருங்கன்னா கேக்க மாட்டாரு. 'எங்க வீட்டம்மா வந்தா எங்க களைப்பா இருக்கும்னு பாக்குறேன்'ம்பாரு. நீங்க உக்காந்திருக்கீங்களே, இந்த நாற்காலிய அவருதான் உங்களுக்குன்னு சொல்லி வச்சாரு. ஆடாத நாற்காலி."

திருடனுக்குத் தேள் கொட்டியது போல இவர் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மெதுவாகத் திரும்பினாள்.

"கூடுதல் டூட்டின்னீங்க."

"ஆமா."

"எத்தன புதன்கிழமை?"

"நாலு. மொதல் தடவ தப்பா நடந்துட்டேன், அத எடுத்துக்க முடியாது. மூணுன்னு வச்சுக்க."

அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, நோயாளியிடம் கேட்கிற குரலில் கேட்டாள். "எங்க வலிக்குது?"

"எனக்கென்ன, வலியெல்லாம் ஒண்ணும் இல்ல."

"முட்டி வலிக்காது, அது நல்லாத்தான் இருக்கு. இடது பக்க இடுப்பு?" என்று அவர் இடுப்பெலும்பின் மேல் ஒரு விரலை வைத்து அழுத்தினாள். அவர் துள்ளிவிட்டார். மூன்று வாரமாகப் படுக்கப் போகும்போது அந்த இடம்தான் விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் அங்கதான்" என்றாள். "அஞ்சு வருஷமா."

அதன் பிறகு அவள்தான் பேசினாள். மருத்துவமனையில் இரண்டாம் மாடிக்குப் போகும்போது எந்தப் படியில் நிற்பாள், மழை நாளில் எப்படி, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிய காலத்தில் எப்படி, பத்தடி முன்னால் போகும் ஒருவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நடப்பது எப்படி என்றெல்லாம் சொன்னாள். அவர் கேட்டார், நடுநடுவே கேள்வி கேட்டார், ஒரு தடவை மூக்கை உறிஞ்சினார். டீ ஆறி, வேறு டீ வந்து, அதுவும் ஆறியது. ஐந்தாவது பெஞ்சின் நிழல் அவர்கள் வராமலே நீண்டுகொண்டு போனது. சட்டைப் பையில் தாள் மடித்தபடியே இருந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு எழுந்தார்கள். கடற்சுவருக்குப் போக இன்னும் ஒரு திருப்பம் இருந்தது, வலது பக்கம் உயரமான கல்சுவர். அவர் அவளைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார், சுவருக்கும் அவளுக்கும் நடுவில். திருப்பத்தில் அவள் வலது கை வழக்கம்போலச் சுவரைத் தேடி நீண்டது. அதற்கு அவர் இடது மணிக்கட்டுதான் அகப்பட்டது, கடிகாரத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கடற்சுவருக்கு எதிரே இருந்த தெருவைக் கடந்து முடித்த பிறகும் அவர் கையைத் திருப்பவில்லை.