கேட்கக் கூடாததைக் கேட்ட பெட்டி

வெண்மதிக்குக் கோபம் வந்தால் அது முதலில் விசைப்பலகைக்குத்தான் தெரியும். செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், நெல் அறுக்கும் மிஷின்களை வாடகைக்கு விடும் அலுவலகத்தில் அவளுக்குக் கணினி வேலை. பி.காம். முடித்துவிட்டு, திண்டிவனத்தில் ஒரு பயிற்சி மையத்தில் எக்செல்லும், அதில் வேலைகளைத் தானாகச் செய்யவைக்கும் மேக்ரோ எழுதுவதும் கற்றவள். காலனிப் பெண்ணுக்கு இந்த வேலை கிடைத்ததே பெரிது என்று ஊரில் சிலர் சொன்னார்கள். யாருக்குப் பெரிது என்று அவள் திருப்பிக் கேட்டாள். அப்புறம் அவர்கள் சொல்லவில்லை.

அறுப்புக் காலத்தில் மிஷினுக்கு அடிதடிதான். முன்பு மேலாளர் அரங்கநாதன் பதிவுசெய்தவர்களின் பெயர்களைத் துண்டுச் சீட்டில் தன் இஷ்டப்படி எழுதி ஓட்டுநரிடம் கொடுப்பார். வயல்வெளியில் சண்டை நாறும். அதை ஒழிக்கத்தான் வெண்மதி மேக்ரோ எழுதினாள். திரையில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் மறுநாள் மிஷின் யார் வயலுக்கு முதலில், யாருக்கு அடுத்தது என்று வரிசையாகத் தாளில் வந்துவிடும்.

வரிசைப்படுத்துவதற்கு எக்செல்லிலேயே ஒரு பெட்டி தயாராக இருக்கிறது. எதை வைத்து அடுக்கட்டும், பெயரையா, தேதியையா, மேலிருந்தா கீழிருந்தா என்று அது கேட்கும். மேக்ரோவில் ஒரே ஒரு வரி எழுதினால் போதும், அது திரையில் வந்து நிற்கும். சொந்தமாக ஒரு பெட்டி வரைந்து மெனக்கெடுவானேன் என்று அந்த வரியை எழுதினாள். அரங்கநாதன் பதிவுத் தேதியைத் தேர்ந்தெடுப்பார், 'சரி' கொடுப்பார், வேறென்ன செய்துவிடப் போகிறார் என்று நம்பினாள்.

தை பிறந்தும் மழை விட்டபாடில்லை. மேல்சித்தாமூர் சாலையில் அவள் அப்பா கோவிந்தசாமி குத்தகைக்கு எடுத்த வயலில் நெல் முற்றித் தலைசாய்ந்து நின்றது. இன்னொரு மழை தாங்காது. ஊருக்கும் காலனிக்கும் முதல் ஆளாக மிஷினுக்குப் பதிந்தவரும் அவர்தான். ஆனால் அச்சாகி வந்த தாளில் காலனிப் பெயர்கள் எல்லாம் ஒன்று விடாமல் அடியில் கிடந்தன.

கோவிந்தசாமி அலுவலகத்துக்கே வந்து கேட்டார்.

"நான் இன்னா பண்றது கோவிந்தசாமி? கம்ப்யூட்டர் போட்டது. அதுக்கு ஆள் தெரியுமா, பேர் தெரியுமா?" என்றார் அரங்கநாதன்.

நேற்றுவரை தலையெழுத்து என்றார்கள். இன்றைக்குக் கம்ப்யூட்டர் என்கிறார்கள். எழுதுகிற கையை மட்டும் யாரும் பார்த்துவிடக் கூடாது. அன்று சாயங்காலம் வெண்மதி அந்தக் கையைப் பார்த்தாள். அரங்கநாதன் பொத்தானை அழுத்தினார், பெட்டி வந்தது, தேதியை விட்டுவிட்டுத் 'தெரு' என்பதைத் தேர்ந்தெடுத்து, கீழிருந்து மேல் என்று கொடுத்தார். ஊர்த் தெருக்கள் மேலே ஏறின. காலனி கீழே இறங்கியது.

"தேதிய வச்சு அடுக்கணும் சார்."

"பொட்டி எத வச்சுன்னு என்னைக் கேக்குது, நான் சொல்றேன். நீ வச்ச பொட்டிதானம்மா?"

ராத்திரி வீட்டில் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னாள்.

"உன் கம்ப்யூட்டருக்கு நம்ம காலனி தனியா இருக்குதுன்னு யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார் கோவிந்தசாமி.

"நான்தான் நைனா. டிரைவர் வழி தெரியலன்னான், தெருப் பேரையும் சேத்தேன்."

"வழி நல்லாத் தெரிஞ்சிருக்கும். வண்டிதான் வர்ல."

மறுநாள் அலுவலகம் திறந்ததும் அந்த ஒரு வரியை அழித்தாள். பதிவுத் தேதிப்படி அடுக்கும் வேலையை மேக்ரோவுக்குள்ளேயே எழுதிவிட்டாள்; இனி அது யாரையும் கேட்காது. அச்சடிக்கட்டுமா என்று கேட்கும் பெட்டி மட்டும் மிச்சம். அதில் 'சரி' என்றால் தாள் வரும். 'ரத்து' என்றால் எல்லாம் நின்றுவிடும்.

அன்று சாயங்காலம் மழை தூறியது. மலைமேலுள்ள ராஜகிரிக் கோட்டை தெரியாத அளவுக்கு மேகம். கோவிந்தசாமியோடு ஏழெட்டுப் பேர் வாசலில் நின்றார்கள். அரங்கநாதன் பொத்தானை அழுத்தினார். அச்சடிக்கும் பெட்டிதான் வந்தது. ரத்து செய்தார். மறுபடி அழுத்தினார். மறுபடி ரத்து.

"ஏம்மா, கேக்கற பொட்டி எங்க?"

"எடுத்துட்டேன் சார். கேக்கக் கூடாதத எல்லாம் கேக்குது."

வாசலில் யாரோ சிரித்தார்கள். அரங்கநாதன் ஒரு வெள்ளைத் தாளை உருவிப் பேனாவால் பெயர்களை எழுதி, ஓட்டுநர் வெற்றிவேலிடம் நீட்டினார். கோவிந்தசாமி எட்டிப் பார்த்தார்.

"இது கம்ப்யூட்டர் எழுத்தா சார், உங்க எழுத்தா?"

வெற்றிவேல் தாளைத் திருப்பிக் கொடுத்தான். போன வருஷச் சண்டையில் சட்டை கிழிந்தது அவனுக்கு. "ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். வயல்ல கேட்டா காட்டணும்."

அரங்கநாதன் கையெழுத்துப் போடவில்லை. தாளைக் கசக்கிப் போட்டுவிட்டுத் மறுபடி பொத்தானை அழுத்தி 'சரி' கொடுத்தார். தேதிப்படி வரிசை அச்சாகி வந்தது. கோவிந்தசாமிதான் முதல்.

காலையில் சேற்றிலும் ஓடும் பெல்ட் அறுப்பு வண்டி மேல்சித்தாமூர் சாலையில் இறங்கியபோது, ராத்திரி முழுக்கப் பெய்த மழையில் பாதி வயல் படுத்துவிட்டிருந்தது. நின்றதை வண்டி அறுத்தது. படுத்ததை அது தொடவில்லை. கோவிந்தசாமி ஒரு கதிரைப் பிடுங்கிப் பார்த்தார்; சேற்றில் கிடந்த மணிகள் ஊறிப் போயிருந்தன. முளைவிட அதிக நேரம் ஆகாது. வரிசை சரியாக வந்துவிட்டதற்காக மகளைப் பாராட்ட அவருக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் சேற்றில் இறங்கிப் படுத்த கதிர்களைத் தூக்கிக்கொண்டிருந்த அவளும் எதிர்பார்க்கவில்லை.

வெண்மதி அலுவலகம் போனதும் அரங்கநாதன் கூப்பிட்டார். "அந்தப் பொட்டியத் திரும்ப வச்சிடு. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்குவேன்."

"வக்கிறேன் சார். எந்தத் தெரு மொதல்ல வரணும்னு ஒரு தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"ரொம்பக் கொழுப்பு உனக்கு."

அவர் எழுதித் தரவில்லை, அவளும் வைக்கவில்லை. வேற ஆள் என்றைக்கு வந்து நிற்குமோ தெரியாது. வெண்மதி விசைப்பலகையை முன்னால் இழுத்து, வயல் சேறு காயாத விரல்களால் அன்றைய பதிவுகளை அடிக்கத் தொடங்கினாள். சத்தம் வாசல்வரை கேட்டது.