அண்ணன் பாட்டுக்கு உரிமம் கேட்டார்கள்

எங்கள் குடும்பக் கல்யாணங்களில் தாலி கட்டி, கெட்டிமேளம் அடங்கியதும் ஒரு பாட்டு உண்டு. என் அண்ணன் தானே எழுதி, தானே மெட்டமைத்த வாழ்த்துப்பாட்டு. அவர் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். யாரிடமும் போய் சங்கீதம் கற்றவர் அல்ல, கேட்டுக் கேட்டே பிடித்தவர். பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு நிற்க, அண்ணன் மைக்கைப் பிடித்து அதைப் பாடி முடித்த பிறகுதான் பந்தியில் இலை விழும். பசியோடு நிற்கிறவர்கள்கூட முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. சம்பந்தி வீட்டார் ஊருக்குப் போய் அந்தப் பாட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். எங்கள் வீட்டில் நகை நட்டு அதிகம் கிடையாது. இந்தப் பாட்டு இருந்தது. அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல, இன்றும் குறையவில்லை.

பிறகு அண்ணனுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது, பேச்சு போனது. நல்லவேளையாக அதற்கு முன்பே அவரை ஒரு ரெக்கார்டிங் சென்டருக்குக் கூட்டிப்போய் அந்தப் பாட்டைக் கேசட்டில் பதிந்து வைத்திருந்தேன். அதன் பின் கல்யாணங்களில் கேசட் பாடும், அண்ணன் மேடையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவார். இந்த உலகத்தில் அவருடைய குரல் என்று மிச்சமிருந்தது அந்த ஒரு பாட்டுதான்.

நான் கல்லூரியில் வணிகவியல் நடத்தியவன். பதிப்புரிமை பற்றி மாணவர்களுக்குத் தொண்டைத்தண்ணீர் வற்ற வகுப்பெடுத்திருக்கிறேன். கணினி வாங்கியபோது கடைக்காரர், "எல்லா சாப்ட்வேரும் ஓசியிலயே போட்டுத் தாரேன் சார்" என்றார். வேண்டாம் என்று ஒவ்வொன்றையும் முறையாக வாங்கினேன். தெருவில் அப்படி வாங்கியவன் நான் ஒருவன்தான். அதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

உசிலம்பட்டியில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம் வந்தது. அண்ணனுக்கு அப்போதுதான் ஆபரேஷன் ஆகியிருந்ததால் அவரால் வர முடியவில்லை. தங்கை கேட்டாள் என்று கேசட்டைக் கொஞ்ச நாள் கொடுத்து வைத்திருந்தேன். காப்பி எடுக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தேன், கல்யாணத்துக்கு முன்பே திரும்ப வாங்கியும்விட்டேன். தாலி கட்டியதும் போட நானே கொண்டுபோவதாக ஏற்பாடு. கல்யாணத்தன்று மண்டபத்தில் நுழையும்போதே, சினிமாப் பாட்டுகளுக்கு நடுவில் குழாய் ஸ்பீக்கரில் அண்ணனின் குரல் கேட்டது. தங்கை புருஷன், நான் மாப்ள என்று கூப்பிடுகிறவர், காப்பி எடுத்து மைக் செட்காரரிடம் கொடுத்திருந்தார். அதற்குள் ரெண்டு மூன்று தடவை ஓடிவிட்டது என்றார்கள். முகூர்த்த நேரம் என்று அப்போதைக்கு அடக்கிக்கொண்டேன். தாலி கட்டி முடிந்ததும் மறுபடியும் போட்டார்கள். நான் தாய்மாமன், மேடையில் இருக்க வேண்டியவன். இறங்கிப் போய்க் கத்தினேன். பாட்டு முடிந்ததும் திருட்டுப்பய, போலீசு என்றெல்லாம் அவரை ஏசி, கேசட்டை உருவி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் பஸ் ஏறினேன். தாய்மாமன் சாப்பிடாமல் போன கல்யாணம் என்ற பேர் அந்தப் பெண்ணுக்கு என்னால் வந்தது. அதன் பிறகு மாப்ளயும் நானும் பேசிக்கொள்ளவில்லை.

மடிக்கணினி வாங்கியதும் நான் செய்த முதல் வேலை அந்தப் பாட்டை அதற்குள் ஏற்றியது. ஏற்றும்போது மென்பொருள் ஒரு கேள்வி கேட்டது: இந்த இசைக்கு நகல் பாதுகாப்பு வேண்டுமா? எனக்காகவே கேட்டது போலிருந்தது. வேண்டும் என்று குறியிட்டேன். இனி அந்தப் பாட்டு அந்த ஒரு கணினியில் மட்டும்தான் பாடும். பூசணம் பிடித்த மூலக் கேசட்டையும் மாப்ளயிடமிருந்து பிடுங்கிவந்த காப்பியையும் குப்பையில் போட்டேன். அதற்குப் பின் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் மடிக்கணினியை நானே தூக்கிக்கொண்டு போவேன். பாட்டு ஓடும்போது யாராவது போனைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன் என்று முன்னாலேயே சொல்லிவிடுவேன். கல்யாண வீடியோக்களிலும் அந்தப் பாட்டு தங்கவில்லை. ஸ்டுடியோக்காரர்கள் தாலி கட்டும் காட்சிக்கு மேல் சினிமாப் பாட்டைப் போட்டுத்தான் கொடுப்பார்கள். அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன்.

இந்த ஆண்டு அண்ணனின் பேத்திக்குச் சமயநல்லூரில் ஒரு மண்டபம் பிடித்தார்கள். அவள் என்னிடம் வந்து, "சின்னத் தாத்தா, பாட்டு ரெடியா? தாத்தா தாளம் போடாம நான் மணவறைய விட்டு எந்திரிக்க மாட்டேன்" என்றாள். அந்த வாரமே பழைய மடிக்கணினி உயிரை விட்டது. பழுது பார்ப்பவர் உள்ளிருந்ததையெல்லாம் புதுக் கணினிக்கு மாற்றிக் கொடுத்தார். பாட்டின் பெயர் இருந்தது, நீளம் இருந்தது. அமுக்கினால், இதை இயக்க உங்களுக்கு உரிமம் இல்லை என்று வந்தது.

அந்தக் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். வெகுநேரம் அவர்களுடைய இசையைக் கேட்கவைத்தார்கள். பிறகு ஒரு பெண் பேசினாள்.

"லைசென்ஸ் எந்த ஸ்டோர்ல வாங்குனீங்க சார்?"

"வாங்கலம்மா. அது எங்க அண்ணன் பாடுனது."

"ஓகே சார். அண்ணன் எந்த மியூசிக் கம்பெனிக்குப் பாடுனாங்க?"

"கம்பெனியெல்லாம் இல்ல. கல்யாணத்துக்குப் பாடுவாரு."

"அப்ப காப்பி பண்ணக் கூடாதுன்னு லாக் போட்டது யாரு சார்?"

"நாந்தான்."

கொஞ்ச நேரம் தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. "சாரி சார், அந்த வெர்ஷனுக்கு சப்போர்ட் நிறுத்தியாச்சு. நீங்க பாட்டோட ஒரிஜினல் உரிமையாளரத் தொடர்பு கொள்ளுங்க."

உரிமையாளர் பக்கத்து அறையில் ரசம் குடித்துக்கொண்டிருந்தார். போனை வைத்ததும், எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று குறுஞ்செய்தி வந்தது.

எனக்குக் கோபம் வந்தது என்று சொன்னால் போதாது. ஒரு காலத்தில் இசைத்தட்டு வாங்கினால் அது நம்முடையது. இப்போது ஆண்டுச் சந்தா என்கிறார்கள், நம் வீட்டு மேசையில் இருப்பதற்கே வாடகை. இலவச மேம்பாடு என்று சொல்லி ராத்திரியோடு ராத்திரியாகப் பழையதை எடுத்துவிடுகிறார்கள். ஓசியில் போட்டுக்கொண்ட என் தெருக்காரர்கள் ஒருவர் வீட்டிலும் பாட்டு நிற்கவில்லை. ஒழுங்காக வாங்கியவன் வீட்டில்தான் நின்றது. ஆனால் கோபத்தை எவ்வளவு நேரம் அந்தக் கம்பெனி மேல் வைத்திருக்க முடியும்? அவர்கள் கேட்டார்கள், நான்தான் குறியிட்டேன்.

அண்ணனிடம் சொன்னேன். அவர் போனில் தட்டிக் காட்டினார்: "உசிலம்பட்டிக்குப் போ."

மாப்ளயின் உரக்கடை சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க மச்சான். போலீசு யாரும் கூட வரலயா?"

"இல்ல மாப்ள."

"திருட்டுப்பய கடை இதுதான்னு வழி காட்டுனது யாரு?"

"ஒரு காரியமா வந்தேன். அண்ணன் பாட்டு வேணும்."

"இங்க ஒரமும் பூச்சிமருந்தும்தான் இருக்கு. பாட்டு வச்சிருந்தேன், ஒரு வாத்தியாரு புடுங்கிட்டுப் போயிட்டாரு."

பின்கட்டிலிருந்து தங்கை வந்தாள். "வீடு தேடி வந்த மனுசனுக்குத் தண்ணி குடுக்காம இம்புட்டுப் பேச்சா?" என்று அவரை அதட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் செம்பை நீட்டினாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். பூட்டியதும் நான், சாவியைத் தொலைத்ததும் நான் என்றேன். மாப்ள வெகுநேரம் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுத் தங்கையைப் பார்த்து, "அந்த டிவிடிய எடு" என்றார்.

அது அந்தக் கல்யாண வீடியோ. "வீடியோக்காரரு எல்லாத்துக்கும் மேல சினிமாப் பாட்டப் போடுறேன்னாரு. இந்த எடத்துல மட்டும் உள்ளது உள்ளபடி இருக்கட்டும்னேன். நாளப்பின்ன நீங்க சத்தமே போடலன்னு சொல்லிரக் கூடாதுல்ல? சாட்சிக்கு வச்சேன்."

வீட்டு டிவியில் ஓடவிட்டார். மண்டபத்து இரைச்சலுக்கு மேல் அண்ணனின் குரல் எழுந்தது. முதல் சரணம், இரண்டாம் சரணம். பெற்றவர்களைக் கும்பிடச் சொல்லும் கடைசிச் சரணத்தில் இன்னொரு குரல் குறுக்கே வந்தது: "யாரைக் கேட்டுப் போட்டீக? இது என்ன டீக்கடைப் பாட்டா? நிறுத்துங்கய்யா." என்னுடைய குரல்தான். அத்தனை விகாரமாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அதற்குப் பதிலாகத் தாழ்ந்து ஒரு குரல் வந்தது. "பாட்டு முடியட்டும் மச்சான். பெரிய மச்சான் பாடுறாக, நடுவுல நிறுத்தக் கூடாது. அப்பறம் என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க." பாட்டு முடிந்தது.

மாப்ள அப்படிச் சொன்னது எனக்கு நினைவிலேயே இல்லை. இத்தனை ஆண்டுகளாக நான் யாரிடம் இந்தக் கதையைச் சொன்னாலும் அதில் அந்த வாக்கியம் இருந்ததில்லை.

"தப்பு என் மேல மாப்ள" என்றேன்.

"அது இந்தத் தட்டுலயே இருக்கு மச்சான். புதுசா என்ன?" என்றார். தங்கை இலை போட்டாள். அந்தக் கல்யாணத்தில் சாப்பிடாததை அன்று சாப்பிட்டேன்.

பாட்டைப் போனுக்கு மாற்றியதும் ஒரு சங்கடம் வந்தது. கல்யாண மண்டபத்தில் என் கத்தலும் சேர்ந்து ஒலிக்கும். மாப்ளயே பெருந்தன்மையாக, "ரெண்டாவது சரணத்தோட நிறுத்திருவோம், யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். அப்படியானால் அண்ணனின் கடைசிச் சரணம் போய்விடும். என் மானமா, அந்தச் சரணமா என்று எனக்குள் கொஞ்ச நேரம் வழக்கு நடந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வெட்டிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அண்ணனிடம் கேட்டோம். முழுதும் கேட்டுவிட்டு அவர் போனில் தட்டினார்: "வெட்டாதே. தாளம் விட்டுப்போகும்."

சமயநல்லூரில் தாலி கட்டியதும் மாப்ள தன் போனை மைக் செட்டில் இணைத்தார். அண்ணன் நாற்காலியை மணவறைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் குரல் மண்டபத்தை நிறைத்தது. தொடையில் கை விழுந்து எழுந்தது, ஓரிடத்திலும் பிசகவில்லை. கடைசிச் சரணம் வந்தது, என் கூச்சலும் வந்தது. பேச்சு நின்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு யாரோ சிரிக்க, மண்டபமே சிரித்தது. அண்ணன் தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். கை மட்டும் தாளத்தை விடவில்லை. சிரிப்பு அடங்கும் நேரத்தில் மாப்ளயின் குரல் வந்தது: பாட்டு முடியட்டும் மச்சான். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் அத்தனை பேரும் அமைதியானார்கள். மிச்சப் பாட்டை அண்ணன் தனியாகப் பாடி முடித்தார். பார்த்தால் பாதிக் கூட்டம் போனைத் தூக்கிப் பிடித்திருந்தது. நான் யாரையும் தடுக்கவில்லை. பேத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இலை போடச் சொல்லுங்க சின்னத் தாத்தா" என்றாள். பந்தியில் மாப்ளயின் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன்.

போன வாரம் பேரையூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார், எங்களுக்குச் சொந்தம்கூட இல்லை. அவர்கள் வீட்டுக் கல்யாணத்திலும் அந்தப் பாட்டைப் போட்டார்களாம். நடுவில் யாரோ கத்துகிறார்களே, அதை எடுத்துவிட்டு ஒரு காப்பி கிடைக்குமா என்று கேட்டார்.

"அப்படியே இருக்கட்டும் தம்பி, தாளம் விட்டுப்போகும்" என்றேன்.