நடுவில் இரண்டு எண்கள்

அந்த இரும்புக்கடைக் கட்டடத்தின் வரலாறு, கேட்பவரின் பொறுமையைப் பொறுத்தது. நின்றபடி கேட்டால் முதலாளியின் தாத்தா கட்டியது. உட்கார்ந்து கேட்டால் தாத்தாவுக்கும் தாத்தா. உண்மையில் அது யாரோ கட்டிய வைக்கோல் கிடங்கு. தாத்தா வாங்கியபோது பாதிக் கூரைதான் இருந்தது.

முதலாளிக்கு ஊர் வைத்த பெயர் ஆறு இஞ்சு. நாள்காட்டி மாட்டவும் ஆறு அங்குல ஆணிதான் அடிப்பார். புது போல்ட்டு வந்தால் சொந்தச் சுவரில் முடுக்கிக் காட்டித்தான் விற்பார். சுவர் அம்மை வார்த்த முகம்போல இருந்தது. "அடிச்சா அசையக் கூடாது" என்பது அறுபது வருட வாழ்க்கையில் அவர் கண்ட ஒரே தத்துவம்.

சாலையை அகலப்படுத்த அளந்தார்கள். கடையின் முன்பாதி கோட்டுக்குள் வந்தது. நூறு வயது தாண்டிய கட்டடத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. பத்திரத்தைக் கரையான் தின்றிருந்தது. இருந்தாலும் ஆறு இஞ்சு அசரவில்லை. வாசலுக்கு மேலே 1887 என்று செதுக்கிய கல் இருக்கிறதே, பெயர்ப்பலகைக்குப் பின்னால்!

"பலகை மாட்டினப்பவே கல்லை விட்டுத் தள்ளி அடிங்கன்னு சொன்னேன்" என்றாள் மனைவி.

"உனக்கு போல்ட்டைப் பத்தி என்னடி தெரியும்?"

அதிகாரி வந்தார். ஆறு இஞ்சு தானே ஏணியில் ஏறினார். முப்பது வருடத்துக்கு முன் அவர் முடுக்கிய இரண்டு போல்ட்டும் அரை மணி நேரம் அவரையே முறைத்தன. கடைசியில் கடப்பாரையால் நெம்பினார். பலகை வந்தது. போல்ட்டு வந்தது. போல்ட்டைக் கட்டிக்கொண்டு கல்லின் நடுப்பகுதியும் வந்தது.

மிச்சம் இருந்தது இந்த ஓரத்தில் ஒரு ஒன்று, அந்த ஓரத்தில் ஒரு ஏழு.

"நடுவுல எட்டு, எட்டு சார்!"

"எங்க?"

ஆறு இஞ்சு தரையில் கிடந்த தூளைக் காட்டினார்.

"இதை வச்சு 1987ன்னும் சொல்லலாமே பெரியவரே" என்றார் அதிகாரி.

"அடிச்சா அசையாதுன்னீங்க. சத்தியமா அசையல. கல்லுதான் அசைஞ்சிருக்கு" என்றாள் மனைவி.

அதிகாரி இடிப்பு அறிவிப்பை எடுத்து, ஒட்டப் பசை இருக்கிறதா என்று கேட்டார். தொட்டில் பழக்கம் விடுமா? ஆறு இஞ்சு உள்ளே போய்ச் சுத்தியலோடு வந்தார். தாளை வாசல் கதவில் வைத்து, நான்கு மூலையிலும் ஆறு அங்குல ஆணியை அவரே இறக்கினார். பிறகு ஓரத்தைப் பிடித்து இழுத்தும் பார்த்தார்.

அசையவில்லை.