வியாழக்கிழமைப் பட்டியல்

இது கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான். அதுவும் பட்டப்பகலில், ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், இதயப் பிரிவில். சம்பந்தப்பட்ட நர்ஸ் என்னோடு எட்டு வருஷம் வேலை பார்த்தவள். பொய் பேசத் தெரியாதவள் என்று சொல்ல ஆசைதான். என்ன செய்ய, ஒரு பொய்யில்தான் எல்லாமே ஆரம்பித்தது.

அவளுக்கு 'சீல் சிஸ்டர்' என்று பட்டப்பெயர். நாள் முழுக்க ஃபைல்களில் சீல் குத்திக் குத்தி, வலதுகையின் மூன்று விரல்நுனியிலும் ஊதா மை ஏறியிருக்கும். எந்த சோப்புக்கும் போகாது. இதயம் பலவீனமானவர்களின் பெயரைப் பட்டியல் போட்டு வியாழக்கிழமை கூட்டத்துக்கு அனுப்புவது அவள் வேலை. யாருக்கு பைபாஸ், யாருக்கு வால்வைச் சரிசெய்வது, யாருக்கு நெஞ்சுக்குள் ரத்தம் ஓட்டும் பம்ப் பொருத்துவது என்று சர்ஜன்கள் அங்கேதான் முடிவெடுப்பார்கள். பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஆபரேஷன் இல்லை.

ஒரு பஸ் டிரைவர். அவர் இதயத்தின் பம்பிங் இருபது சதவீதம்தான். அவருடைய ஃபைலை மேஜை டிராயரில் போட்டவள், அப்படியே மறந்துபோனாள். அவர் மனைவி போன் செய்தபோதுதான் ஞாபகம் வந்தது. ஒப்புக்கொள்ள வெட்கம். "மீட்டிங்ல பேசிட்டாங்கம்மா, கூப்பிடுவாங்க" என்று சமாளித்தாள். அடுத்த வாரம் சேர்த்தால், 'இத்தனை நாள் ஃபைல் எங்கே இருந்தது?' என்று டாக்டர் கேட்பாரே! அந்த வாரமும் சேர்க்கவில்லை. மூன்று வாரம் ஓடிப்போனது.

வெள்ளிக்கிழமை மதியம் 1:15. எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ட்டக்... ட்டக்... இவள் மட்டும் சீல் குத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால், எதிரே டிரைவர்.

"லிஃப்ட் ஓடலையே. எப்படி வந்தீங்க?"

"படியேறித்தான் வந்தேன்."

ஒவ்வொரு மாடிக்கும் இரண்டு தரம் உட்கார்ந்து எழுந்து வருகிற மனிதர். இன்று மூச்சே வாங்கவில்லை.

"என் விஷயத்துல என்ன முடிவு பண்ணாங்க சிஸ்டர்?"

அவளுக்கு முகம் சுட்டது. பிளாஸ்டிக் இதயத்தை எடுத்து முன்னால் வைத்தாள். அடைப்புக்கு மாற்றுப்பாதை போடுவது பைபாஸ், ஒழுகுகிற வால்வைத் தைப்பது இன்னொன்று, இரண்டும் உதவாவிட்டால் பம்ப் என்று கடகடவென்று ஒப்பித்தாள்.

"எனக்கு எது?"

"பம்ப்." வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

அவர் தலையாட்டினார். பரிசோதனைக் கட்டிலில் ஏறி மல்லாந்து படுத்தார். மூன்று தலையணை வைக்காவிட்டால் மூச்சு முட்டுகிறவர்... ஒன்றுகூட இல்லாமல்.

1:21. மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி இல்லை.

அடுத்த கை. அதிலும் இல்லை.

அப்போதும் பயப்படவில்லை, பாவி! பம்ப் வைத்தவர்களுக்கு ரத்தம் ஒரே சீராக ஓடும், பலருக்கு நாடி அகப்படாது. அப்படிப்பட்டவர்களை அவள் தினமும் பார்க்கிறாள். நெஞ்சில் காது கொடுத்தால் 'ம்ம்ம்...' என்று பம்ப் ரீங்கரிக்கும். பழக்கதோஷத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள்.

ஒன்றுமே கேட்கவில்லை.

அப்போதுதான் உறைத்தது... இவருக்குப் பம்ப் வைக்கவே இல்லையே!

அவர் கண் திறந்திருந்தது.

"என் பேரு லிஸ்ட்ல இருந்துச்சா?"

"இல்லண்ணே... நான்தான்... விட்டுட்டேன்..."

டிராயரை இழுத்தாள். ஃபைல் அங்கேயே இருந்தது.

திரும்பினாள்.

கட்டிலில் யாருமில்லை.

விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

1:24.

1:40-க்கு அவர் வீட்டுக்குப் போன் போட்டாள். மனைவிதான் எடுத்தார்.

"காலைல ஆறு மணிக்கே போயிட்டாரு சிஸ்டர். 'என் பேரைப் பேசிட்டாங்க, சிஸ்டர் பாத்துக்கும்'னு கடைசி வரைக்கும் தெம்பா இருந்தாரு. உங்களை மறக்கவே மாட்டோம்."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். "பரவாயில்லம்மா" என்றுதான் வந்தது.

"ஒண்ணுதான் புரியலை சிஸ்டர். காலைல நான்தான் அவரைத் துடைச்சு சட்டை மாத்தினேன். கையெல்லாம் சுத்தமா இருந்துச்சு. இப்பப் பாத்தா ரெண்டு மணிக்கட்டுலயும் ஊதா மை... மூணு மூணு விரல் அச்சு. யார் தொட்டாங்கன்னே தெரியலை..."

யார் தொட்டது என்று அந்த அம்மாவிடம் அவள் இன்றுவரை சொல்லவில்லை.