ஏறாத புருவம்

நடுக்கடல் தீவான பைரிகியில் தெரெங்கைத்தியை எல்லோரும் "அம்பாசிடர் அம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதைக்கு அல்ல, கிண்டலுக்கு. தொலைத்தொடர்பு அலுவலகத்தில் சாதாரண எழுத்தர் வேலை பார்த்தவள், சிறு நாட்டுக்காரர்களுக்கென்று எங்கோ ஐரோப்பாவிலிருந்து இணையத்தில் நடத்திய ராஜதந்திரப் படிப்பில் போய்ச் சேர்ந்தாள். உலகச் சபைகளில் எப்படிப் பேசுவது, இணையத்துக்குச் சட்டம் போடும்போது நம் பங்கை எப்படிக் கேட்பது என்று அதில் சொல்லிக்கொடுத்தார்கள். மழை பிடித்தால் லைன் போய்விடும், பாடம் பாதியில் நிற்கும். இவள் போனைத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடித் துறைமுகப் பக்கம் ஓடுவாள்.

"என்னடி, உலகத்த வித்துட்டு வந்துட்டியா?" என்பான், படகிலிருந்து மீனோடு இறங்கும் அவள் புருஷன் கபுவாத்தி.

"விக்கிறதுக்கு அதென்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா? போய் மீனக் கழுவு."

அந்தப் படிப்பில் ஒரு பாடம் மட்டும் அவள் தொண்டையில் முள்ளாக நின்றது. உலகச் சபையில் தலைவர் "ஆட்சேபம் உண்டா?" என்று கேட்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் எல்லோரும் சம்மதித்ததாகக் கணக்கு. சுத்தியல் விழுந்துவிடும். முதலில் கேட்டபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஊர் கூடிப் பேசும் எங்கள் மனேபாவில், சம்மதம் என்றால் புருவத்தை உயர்த்துவோம். பிடிக்கவில்லை என்றால் பெரியவர் தலையைக் குனிந்து பேசாமல் உட்கார்ந்திருப்பார். முகத்துக்கு நேரே "இல்லை" என்பது வளர்ப்புச் சரியில்லாதவன் செய்கிற வேலை. பெரியவர் புருவம் ஏறாவிட்டால் அந்தப் பேச்சை அத்தோடு சுருட்டி வைத்துவிடுவோம். சிரித்தவளுக்குக் கொஞ்ச நேரத்தில் பயம் வந்தது. நம் ஆட்கள் அங்கே இத்தனை காலம் எதற்கெல்லாம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்களோ?

அவள் பயந்தது சீக்கிரமே வந்து சேர்ந்தது. இணையப் பெயர்கள் பற்றிய உலக ஒப்பந்தத்தின் கடைசி வரைவில் புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது. குடியிருக்க நிலம் இல்லாமல் போன நாட்டின் இணைய முகவரி எழுத்துகள் அதனிடமிருந்து எடுக்கப்பட்டுப் பொதுவில் சேர்க்கப்படும். அவ்வளவுதான். பெரிய நாடுகளுக்கு அது ஏதோ பழையது கழிக்கிற வேலை.

முகவரியின் வாலில் நிற்கும் ரெண்டு எழுத்து போனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பார்கள், அவர்கள் வீட்டு அடுப்பில் கடல் ஏறவில்லையே. தெரெங்கைத்தியின் பாபாய்க் கிழங்குக் குழியில் உப்புத்தண்ணீர் நின்று கிழங்கெல்லாம் அழுகிப்போனது. பிஜிக்கும் நியூசிலாந்துக்கும் போன சனம் திரும்பி வரவில்லை. யார் யாருக்குப் பிறந்தார்கள், எந்த நிலம் யாருடையது, எல்லாம் அந்த இரண்டு எழுத்தின் கீழே உள்ள அரசுத் தளங்களில்தான் ஏற்றி வைத்திருக்கிறது. மண் போன பிறகு, நாங்கள் ஒரு நாடு என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் மிஞ்சும். இப்போது அதற்கும் நாள் குறித்துவிட்டார்கள்.

அந்தச் சபையில் நாட்டின் சார்பில் பேசும் பொறுப்பு தியாவோந்தினுக்கு. அலுவலகத்தில் அவளுக்கு மேலதிகாரி, வீட்டில் அவளுடைய பெரியப்பா. அப்பா கடலோடு போன பிறகு அவளை வளர்த்தவரும் அவர்தான். மனேபாவில் அவர்கள் குடும்பத்துக்கென்று உள்ள இடத்திலிருந்து அவர் ஒருவர்தான் பேசலாம். அவர் இருக்கும்போது வேறு யாராவது அங்கிருந்து வாய் திறந்தால், அவரை உயிரோடு புதைத்ததற்குச் சமம்.

"பெரியப்பா, அந்த வரி வரும்போது வாயத் தொறந்து 'இல்ல'ன்னு சொல்லணும். சத்தமா."

"நான் தலையக் குனிஞ்சா பேச்ச விட்டுட்டுத் தீவே எந்திரிச்சுப் போயிரும். தெரியும்ல?"

"இங்க சரி. அங்க நீங்க குனிஞ்சா நம்ம தீவு மட்டும்தான் போகும், அவங்க உக்காந்துதான் இருப்பாங்க. அவங்களுக்கு நம்ம வழக்கம் தெரியாது பெரியப்பா."

"மூஞ்சியில அடிச்ச மாதிரி பேசச் சொல்றியா? இதத்தான் அந்தப் படிப்புல சொல்லிக் குடுத்தாங்களா?"

"ஒரே ஒரு வார்த்தை. எனக்காக."

அவர் அவளைப் பார்த்தார். புருவத்தை உயர்த்தினார். அவளுக்குப் போன உயிர் வந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது பாதி வழியில்தான் உறைத்தது. சொல்கிறேன் என்று உயர்த்தினாரா, நீ சொன்னது காதில் விழுந்தது என்று உயர்த்தினாரா? திரும்பிப் போய்க் கேட்கவும் இல்லை. பெரியவர் புருவத்துக்கு விளக்கம் கேட்கிற பிள்ளை எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

சபை இணையவழியில் கூடியபோது இங்கே பிற்பகல். அன்று பார்த்துப் பெரிய அலை. கடல் சாலையைத் தாண்டி அலுவலகப் படிக்கட்டை நக்கிக்கொண்டிருந்தது. யாரோ செருப்புகளையெல்லாம் எடுத்து அலமாரி மேல் வைத்திருந்தார்கள். அறையில் ஒரு திரை, ஒரு மைக். நாட்டுக்கு ஒரு குரல்தான். மைக் பெரியப்பாவின் முன்னால் இருந்தது, அவள் பக்கத்து நாற்காலியில் இருந்தாள்.

தலைவர் வரி வரியாக வாசித்துக்கொண்டே வந்தார். அந்த வரியும் வந்தது. "ஆட்சேபம் உண்டா?"

தியாவோந்தின் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துத் தலையைக் குனிந்தார். ஐயோ, அந்தக் குனிவை மனேபாவில் பார்த்திருக்க வேண்டும். ஒருவர்கூட மூச்சு விட்டிருக்கமாட்டார். திரையிலோ அது தூங்கி வழியும் ஒரு கிழவரின் வழுக்கைத் தலை.

"பெரியப்பா, சொல்லுங்க," என்று கிசுகிசுத்தாள்.

அவர் அசையவில்லை. அவள் கை மைக்கின் பொத்தானுக்குப் போனது. ஒரு அழுத்து, ஒரு வார்த்தை. இதற்குத்தானே மழையில் ஓடி ஓடிப் படித்தாள். ஆனால் பெரியப்பா உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது, இறங்கவில்லை. பாவி மகள், இறக்கித் தொலைத்திருக்கலாம்.

சுத்தியல் விழுந்தது. தலைவர் சிரித்த முகத்தோடு, ஒத்துழைத்த சிறு தீவு நாடுகளுக்குத் தனியாக நன்றி சொன்னார். சபை கலைந்தது. திரை கறுத்தது.

தியாவோந்தின் நிமிர்ந்தார். முகம் நிறையத் திருப்தி. "பாத்தியா? சத்தமே போடல. எவ்வளவு கௌரவமா மறுத்தோம்."

அவள் பொத்தானுக்கு மேலிருந்த விரலை எடுத்தாள்.

"அவங்களுக்குப் புரிஞ்சிருக்கும்ல?" என்றார் அவர்.

தெரெங்கைத்தி இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துத் தலையைக் குனிந்தாள். பேசவில்லை. புருவம் ஏறவில்லை.

அவருக்குப் புரிந்துவிட்டது. அவருக்கா அந்த மௌனத்தைப் படிக்கத் தெரியாது? வாசல் தாண்டி வந்த தண்ணீர் அவர் காலை நனைத்தது. காலை எடுக்கவில்லை. மைக்கை இழுத்துப் பொத்தானை அழுத்தினார்.

"இல்ல," என்றார். பிறகு, பிறந்ததிலிருந்து அவர் பேசாத சத்தத்தில், "இல்ல."

கேட்பதற்கு அங்கே யாருமில்லை.