மல்லாட்டைக்கு மூன்று நிமிடம்

என் மகள் தோஹாவில் ஒரு பன்னாட்டுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. வீட்டில் காது கிழியப் பேசுகிறவள், வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து ஊமை. அப்படிப்பட்டவள் கலாச்சார தினத்தில் மூன்று நிமிடம் பேசுகிறேன் என்று தானாகவே கையைத் தூக்கினாள். எனக்குத் தீபாவளி முன்கூட்டியே வந்த மாதிரி இருந்தது.

அந்த வாரம் பார்த்துத் தம்பி மகளின் மஞ்சள் நீராட்டு. திண்டிவனம் பக்கத்தில் இருக்கும் அவன் வீட்டுக்கு வந்துவிட்டோம். ஊரிலிருந்தே வீடியோவில் பேசலாம் என்றது பள்ளி. நிலக்கடலையைப் பற்றிப் பேசுவது என்று மகள் முடிவு செய்தாள். எங்கள் பக்கம் அது மல்லாட்டை. விஷயம் தெரிந்ததும் விழா ஒருங்கிணைப்பாளரான டீச்சர் போன் செய்தார். சென்னைக்காரர்தான்.

“மேடம், வேர்க்கடலையில என்ன கலாச்சாரம் இருக்கு? பட்டுப்பாவாடை போட்டு ஒரு பரதம் ஆடச் சொல்லுங்க. பின்னாடி கோயில் படம் நாங்க வச்சுடறோம். இல்லன்னா அந்த நேரத்தை வேற பிள்ளைக்குக் கொடுத்துடுவேன்.”

எனக்கு வந்ததே கோபம்! “கூடம் கோணல்னு சாக்கு சொல்லலீங்க. அவளுக்கு ஆடத் தெரியாது. எங்க வம்சத்துலயே யாருக்கும் தெரியாது. தெரிஞ்சதைத்தான் பேசுவா. அவ பேரை எடுத்தீங்கன்னா பிரின்சிபால் கிட்டப் பேசிக்கறேன்.”

தம்பிக்கு உதறல். “இன்னாத்துக்குக்கா பேஜாரு? வில்லுப்புரத்துல நம்ம தோஸ்து ஆபீஸ் கீது. ஏசி கீது, நெட்டும் நல்லாருக்கும். அங்க வச்சி எதனா ஆடிட்டு வரட்டும்.”

“கொல்லையிலதான் பேசுவா. நீ போனைப் புடி.”

மறுநாள் காலை மல்லாட்டை போட்டிருந்த கொல்லையில் அவன் போனைப் பிடித்தான். அவன் மனைவி கேமராவைக் கண்டதும் கல்யாண வீடியோவுக்கு நிற்பதுபோல் முந்தானையை இழுத்துவிட்டு விறைத்து நின்றாள். மகள் ஒரு செடியைப் பிடுங்கி மண்ணை உதறினாள். ஒரு காயை உடைத்து ஓட்டின் உட்புறத்தைக் காட்டினாள். கறுத்திருந்தால் முற்றிவிட்டது, வெள்ளையாக இருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும் என்றாள். குரல் நடுங்கியது. ஆனாலும் விடாமல் பேசினாள், என் தங்கம்.

திரையில் ஒரு சூடான் நாட்டுச் சிறுமி துள்ளினாள். அவளும் வகுப்பில் வாய் திறக்காதவள் என்று மகள் சொல்லியிருக்கிறாள். “எங்க மாமா நிலத்துலயும் இதுதான்! நாங்களும் உடைச்சுத்தான் பாப்போம்!” என்று தடுமாறும் ஆங்கிலத்தில் தொடங்கியவள், அறுவடை, வண்டி, ஒட்டகம் என்று போய்க்கொண்டே இருந்தாள்.

ஒருங்கிணைப்பாளர் அவள் மைக்கை அணைத்தார். நேரம் முடிந்தது, அடுத்து ஒரு நடனம் என்றார். திரையில் அந்தப் பெண்ணின் உதடுகள் மட்டும் அசைந்தன.

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் போனுக்கு நேராக வந்து நின்றாள்.

“மிஸ், அவ மைக்கைப் போடுங்க. அவ இன்னும் பேசி முடிக்கல.”